காசுக்குச் சோறு போட்ட வீடு



கடற்கரை நடைப்பயிற்சியில் என்னைப் பார்ப்பவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பிரான்சு கிராமத்துல வீடு ரொம்ப மலிவாமே? வாங்கி, வர்றவங்களுக்கு அறை விட்டா நல்லா வருமானம் வருமாமே? நீங்க செஞ்சீங்களாமே?"

செய்தோம். 2012 முதல் 2021 வரை நானும் என் மனைவியும் நடு பிரான்சில் ஒரு கிராமத்து வீட்டில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டோம். எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு போனது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் கணக்கோடு இந்த விஷயம் முடிவதில்லை. அதனால்தான் நடந்தபடியே சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் எப்படி அங்கே போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். என் அப்பா சொல்தா. கையெழுத்துப் போட்டார். அப்போது எனக்கு 12 வயது. 1970-இல் நானும் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தேன். 15 வருடம் அங்கே. பிறகு பாரிஸ் புறநகர் ஒன்றில் நகராட்சிக் கிடங்கில் 25 வருடம். அந்த 25 வருடமும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடியில், வாடகை வீட்டில் இருந்தோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். 'வாங்க, இருங்க' என்று மனசாரச் சொல்ல இடம் கிடையாது. அப்படிச் சொன்னாலும், எங்கள் வீடு என்று சொல்லிக்கொள்ள அது எங்கள் வீடும் கிடையாது.

2010-இல் ஓய்வு பெற்றேன். மனைவி அன்றைக்கே பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். முத்தியால்பேட்டையில் மாமனார் கொடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது, போய்விடலாம் என்றாள். எனக்கு மனசு வரவில்லை. நாற்பது வருடம் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, அங்கே ஒரு சாவிகூடச் சொந்தமாக இல்லாமல் கிளம்புவது எனக்கு உறுத்தியது. கிராமத்தில் பழைய வீடு ஒன்று வாங்கி, ஷாம்பர் தோத் நடத்தலாம் என்றேன்.

"அப்படின்னா?"

"நம்ம வீட்லயே நாலு பேருக்கு அறை விட்டு, காலையில காப்பி, ரொட்டி கொடுக்கறது."

"காசு வாங்கிக்கிட்டா?"

"பின்னே சும்மாவா?"

"வீட்டுக்கு வர்றவங்ககிட்டச் சோத்துக்குக் காசா? எங்க அம்மா உசுரோட இருந்தா உங்ககிட்டப் பேசவே மாட்டாங்க."

இரண்டு மாதம் இதே பேச்சு. கடைசியில் ஐந்து வருடம் என்று ஒப்பந்தம் ஆனது. ஐந்து வருடம் முடிந்த அன்று அவள் எங்கே சொல்கிறாளோ அங்கே நான் வர வேண்டும். சரி என்றேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது எங்கள் பணப்பை. தென் பிரான்சில் கடலோரம் எங்களுக்கு எட்டாது. நடு பிரான்சில் க்ரேஸ் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. கடல் இல்லை, பெரிய நகரமும் இல்லை. கருங்கல், புல்வெளி, செம்பழுப்பு நிற லிமூசேன் மாடுகள், செஸ்ட்நட் மரங்கள், இவ்வளவுதான். 1851-இல் அங்கே 2,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நாங்கள் போனபோது 1,25,000-க்கும் கீழே. ஆள் குறைந்ததால் வீடுகள் காலியாகக் கிடந்தன.

ஏன் காலியானது என்று விசாரித்தபோது எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. அந்த மாவட்டத்து ஆண்கள் கொத்தனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வசந்த காலம் வந்தால் கூட்டம் கூட்டமாக நடந்தே பாரிசுக்குப் போவார்கள். கட்டட வேலை செய்து, குளிர்காலத்தில் காசோடு திரும்புவார்கள். ஓஸ்மான் காலத்தில் பாரிசை இடித்துக் கட்டினார்களே, அதில் இவர்கள் கை நிறைய உண்டு. அப்படிப் போன கொத்தனார்களில் ஒருவர் மர்த்தேன் நதோ. 1815-இல் பிறந்து, செங்கல் சுமந்து, பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆனவர். ரயில் வந்த பிறகு போனவர்கள் திரும்பி வருவது குறைந்தது. பாரிசிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். ஊரில் அவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய கல் வீடு மட்டும் நின்றது.

இதைக் கேட்டதும் மனைவி சொன்னாள்: "நம்ம சொல்தாக்கள் கதைதான்." உண்மைதானே? இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய்ச் சம்பாதித்து, புதுச்சேரியில் வீடு கட்டி, பிள்ளைகள் பாரிசில், வீட்டுக்குப் பூட்டு. நமக்கு இது புதிதா என்ன?

2011 இலையுதிர் காலத்தில் வீட்டை வாங்கினோம். விலை 52,000 யூரோ. இரண்டு மாடி, கருங்கல் சுவர், தடிமன் என் முழங்கையளவுக்கு மேல். ஒட்டினாற்போல ஒரு மாட்டுக் கொட்டகை. வீடு வாங்க நினைப்பவர்களுக்காகச் சில விவரங்கள்.

அங்கே வீடு வாங்குவது விற்பது எல்லாம் நொத்தேர் வழியாகத்தான். நம்ம ஊர் ஆட்களுக்கு நொத்தேர் என்றால் விளக்க வேண்டியதில்லை. முதலில் முன் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு வாங்குபவர் மனம் மாறினால் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளச் சில நாள் உண்டு. அப்போது ஏழு நாள், 2015-க்குப் பிறகு பத்து நாள். நொத்தேர் கட்டணம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் அதில் பெரும்பகுதி அரசு வரிதான். பழைய வீட்டுக்கு விலையில் 7, 8 சதவீதம் ஆகும். விலை சிறிதாக இருந்தால் சதவீதம் இன்னும் கூடும். விற்பவர் சோதனை அறிக்கைகள் கொடுக்க வேண்டும். ஈய வண்ணம், ஆஸ்பெஸ்டாஸ், கரையான், மின்சாரக் கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்.

எல்லாவற்றிலும் முக்கியமான தாள் கழிவுத் தொட்டியுடையது. கிராமத்தில் பொதுச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு தொட்டிதான். 2011 ஜனவரி முதல் அந்த அறிக்கையையும் விற்பனைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும் என்று சட்டம். தொட்டி விதிப்படி இல்லையென்றால் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். எங்கள் தொட்டி அந்தக் காலத்துக் குழி. புதிதாகப் போட 9,000 யூரோ ஆனது. வீடு மலிவு என்று யாராவது சொன்னால், "தொட்டி எப்படி?" என்று முதலில் கேளுங்கள். பிறகு கூரையைக் கேளுங்கள். பூச்செடியும் சன்னல் கதவின் நீல வண்ணமும் அப்புறம்.

குளியலறைகள், மின்சாரம், விறகு அடுப்பு, சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி என்று மேலும் 38,000 யூரோ போனது. சேமிப்பெல்லாம் அதில் கரைந்தது. சுண்ணாம்பு பூசியது நான். சுவரைச் சுரண்டியது மனைவி. அந்த முதல் குளிர்காலத்தில் அவள் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் புடவை சுற்றிக்கொண்டு, ஏணியில் நின்று சுரண்டியபடி, "அஞ்சு வருஷம்ங்க, ஞாபகம் வச்சுக்குங்க" என்பாள்.

இனி தொழில் விஷயம். பிரான்சில் கிராமத்து வீட்டை விருந்தினருக்கு விடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஜீத். முழு வீட்டையும் சாவியோடு கொடுத்துவிடுவது. சமையல் அவர்கள் பாடு. 1951-இல் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்தில் முதல் ஜீத் தொடங்கியது. 1955-இல் அதற்கென்று நாடு தழுவிய கூட்டமைப்பே வந்தது. கிராமத்தை விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. பழைய வீடு இடியாமல் நிற்கட்டும், விவசாயிக்கு நாலு காசு வரட்டும், நகரத்து ஏழைக் குடும்பமும் விடுமுறைக்கு எங்காவது போகட்டும் என்று ஒரே கல்லில் மூன்று மாங்காய் பார்த்தார்கள்.

இன்னொன்று நாங்கள் செய்த ஷாம்பர் தோத். இதில் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து அறை, பதினைந்து பேர். படுக்கை விரிப்பு, துண்டு, காலை உணவு எல்லாம் அறை விலைக்குள் அடங்க வேண்டும். தொடங்கும் முன் மேரியில் அறிவிக்க வேண்டும். இரவுச் சாப்பாடும் போடலாம், அது விருப்பம். அதற்கும் கட்டுப்பாடு உண்டு. தங்குபவர்களுக்கு மட்டும்தான் போடலாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, குடும்ப மேசையில். உணவகம் மாதிரி பட்டியல் நீட்டக் கூடாது. ஒயின் வைத்தால் அதற்குத் தனி உரிமம்.

இந்த விதிகளில் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. விருந்தினரை அந்த வீட்டில் குடியிருப்பவரேதான் வரவேற்க வேண்டும் என்கிறது சட்டம். மேரியில் அந்தத் தாளைப் பார்த்ததும் மனைவியிடம் சொன்னேன்: "பார், வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல வேண்டியது நாமதான்னு இவங்க சட்டமே எழுதி வச்சிருக்காங்க." அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வாசற்படியை இரண்டு தடவை கழுவினாள்.

2012 ஜூலையில் திறந்தோம். மூன்று அறை. இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு 55 யூரோ. இரவுச் சாப்பாடு ஆளுக்கு 20. இணையத்தில் படம் போட்டு, பதில் எழுதும் வேலையை மகள் பார்த்துக்கொண்டாள்.

முதல் விருந்தினர் வந்தபோது நான் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தேன். வயதான பிரெஞ்சு தம்பதி. கார்க் கண்ணாடியை இறக்கி, "வீட்டுக்காரர் இருக்கிறாரா?" என்றார் அந்த மனிதர். "இருக்கிறார் முசியே, இதோ கூப்பிடுகிறேன்" என்றேன். கொல்லைப்பக்கமாக உள்ளே போனேன். கைகால் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, முன்வாசல் கதவைத் திறந்து, "வாருங்கள், பயணம் எப்படி இருந்தது?" என்றேன். அந்த அம்மாள் முகம் சிவந்துவிட்டது. அவர் ஒரு நொடி திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அன்று இரவு அவர்தான் என் மனைவி வைத்த கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவர். பிறகு ஐந்து கோடைகள் வந்தார்கள்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். காரமில்லாத பிரெஞ்சு சமையல்தான் செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அவங்க சமையல் அவங்க வீட்லயே கிடைக்குது. இங்க எதுக்கு வர்றாங்க?" என்றாள். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அந்த ஊருடையது, வடவம் நம்முடையது. பிரெஞ்சுக்காரர்களுக்கு வடவம் தெரியும். 'வதுவான்' என்று சொல்லி நல்ல கடைகளில் விற்கிறார்கள். அது புதுச்சேரிச் சரக்கு என்று தெரிந்ததும் மேசையில் பேச்சு தொடங்கிவிடும். இனிப்புக்கு மட்டும் அந்த மாவட்டத்து ஹேசல்நட் கேக். அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கற்றுக்கொண்டாள்.

கணக்குக்கு வருகிறேன். முதல் ஆண்டு நாங்கள் விற்ற அறை இரவுகள் 61. அறை வரவு 3,355 யூரோ. நான்காம் ஆண்டில் விலை 60, இரவுகள் 190, வரவு 11,400. எங்களுக்கு அதுதான் உச்சம். இதில் வீட்டு வரி, காப்பீடு, விறகு, எண்ணெய், சலவை, பழுது எல்லாம் போக வேண்டும். கூட்டம் என்று சொன்னால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம்தான். மே, ஜூன், செப்டம்பரில் நடைப்பயணிகளும், நெசவுத் திரைச்சீலைகளைப் பார்க்க ஒபுசோன் ஊருக்குப் போகிறவர்களும், வசிவியேர் ஏரிக்குப் போகிறவர்களும் வருவார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஈ, காக்கா கிடையாது. பிரான்சில் காக்காய் உண்டு, ஆனால் அதுகூட எங்கள் பக்கம் வராது.

சுருக்கமாகச் சொன்னால், எங்களுக்குச் சோறு போட்டது ஓய்வூதியம். அறைகள் வீட்டுக்குச் சோறு போட்டன. வீடு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

காசு வாங்கும் விஷயத்துக்கு மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். விருந்தினர் கிளம்பும்போது அவள் கையால் வாங்கமாட்டாள். நடையில் ஒரு சிறிய மேசை, அதில் ஒரு தட்டு. அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். கோயில் தட்டு மாதிரி என்று நான் கேலி செய்வேன். கிளம்புபவர்களுக்கு வழியில் சாப்பிட ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அதற்குக் கணக்கு கிடையாது. "சட்டத்துக்கு உள்ளது தட்டுல. நமக்கு உள்ளது பொட்டலத்துல" என்பாள்.

2015-இல் ஒரு புது விதி வந்தது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் எங்களைப் போன்றவர்களும் காவல் துறைக்கான ஒரு தாளை நிரப்பி வாங்க வேண்டும். பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், நாடு, முகவரி. ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதை நான் முதலில் நீட்டியது ஓர் இங்கிலாந்துத் தம்பதியிடம். அவர் 'நாடு' என்ற கட்டத்தில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்தக் கட்டம் எனக்குப் பழையது. பிரெஞ்சு அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கும்போதே எத்தனை அலுவலகச் சன்னல்களில் "நீங்கள் எந்த நாடு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன். ராணுவத்தில் இருந்தேன் என்று சொன்ன பிறகும், "அது சரி, அதற்கு முன்னால்?" என்பார்கள். அன்றைக்குத் தாளைக் கொடுக்கும் பக்கத்தில் நான் நின்றேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பேனா எழுதவில்லை என்று அவர் உதறியபோது என் பேனாவைக் கொடுத்தேன். அவ்வளவுதான். ஆனால் இரவு படுத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஐந்து வருட ஒப்பந்தம் 2017 ஜூலையில் முடிய வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். கேக் கற்றுக்கொடுத்த பாட்டியின் கணவர். வயது 84. கடைசி வரை மாடு வைத்திருந்தவர். பனி விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பாரிசிலும் லியோனிலும். அந்தச் சின்ன வீட்டில் அத்தனை பேர் படுக்க இடமில்லை. கிட்டத்தில் இருந்த ஓட்டல்கள் குளிர்காலத்துக்கு மூடியிருந்தன. கிராமத்து மேர் தொலைபேசியில் கேட்டார்: "குளிர்காலத்தில் நீங்கள் அறை விடுவதில்லை என்று தெரியும். ஆனாலும்..."

நான் பதில் சொல்வதற்குள் மனைவி மேலே போய் விரிப்பு போட ஆரம்பித்துவிட்டாள். ஏழு பேர், மூன்று இரவு. பூட்டிக் கிடந்த அறைகள் சூடேற ஒரு பகல் முழுக்க விறகு போட்டேன். அவள் இன்னொன்றும் செய்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்களே, அது அங்கே வழக்கமில்லை. பாட்டி அழுதுகொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். இவள் போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வந்தாள். மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து பெரிய பானையில் சூப்பு போனது. உருளைக்கிழங்கு, லீக்ஸ், மிளகு மட்டும் நம்ம கணக்கு. சாலையைக் கடந்து பனியில் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது மூத்த மகன் நடை மேசையருகே வந்து பையைத் திறந்தார். அங்கே தட்டு இல்லை. அவள் முதல் நாளே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். "துக்கத்துக்கு வந்தவங்ககிட்டக் காசு வாங்கறதில்லைன்னு சொல்லுங்க" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவளுக்குக் கை கொடுக்காமல், அந்த ஊர் வழக்கப்படி உறவுக்காரர்கள் போல இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் போனார். என் மனைவிக்கு அது பழக்கமில்லை. ஆனால் பின்வாங்கவில்லை.

அந்த ஊரில் வீடுகளைப் பழைய சொந்தக்காரர் பெயரால்தான் சொல்வார்கள். வாங்கி ஐந்து வருடமாகியும் எங்கள் வீடு யாரோ ஒருவருடைய வீடாகத்தான் இருந்தது. தபால்காரரே அப்படித்தான் சொல்வார். அந்த மாசியில் இருந்து அது மாறியது. ரொட்டி வண்டிக்காரர் ஒரு நாள் புதிய ஆளுக்கு வழி சொல்லும்போது என் பெயரைச் சொல்லி, "அவர் வீட்டைத் தாண்டி இடது பக்கம்" என்றார். உச்சரிப்பு கொலை. ஆனால் என் அப்பா வைத்த பெயர்தான்.

ஜூலை வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் திரைத்துணி தைத்துக்கொண்டே, "அடுத்த வருஷத்துக்கு மெத்தை மாத்தணும்ங்க" என்றாள்.

இன்னும் நான்கு கோடைகள் நடத்தினோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த வருடம் போச்சு என்று நினைத்தோம். கோடையில் வெளிநாடு போக முடியாத பிரெஞ்சுக்காரர்கள் கிராமங்களைத் தேடி வந்தார்கள். எங்களை நிறுத்தியது தொழில் இல்லை, மாடிப்படி. பதினேழு கருங்கல் படிகள். அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவர் கிடைப்பதே பெரும்பாடு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் லிமோழ் வரை கார் ஓட்ட வேண்டும். எனக்கும் 71 ஆகிவிட்டது. 2021 இலையுதிர் காலத்தில் பாரிசிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதிக்கு வீட்டை விற்றோம். போட்ட பணத்தில் பெரும்பகுதி கையில் வந்தது. முழுதும் வரவில்லை. அந்த மாவட்டத்தில் பழைய வீட்டில் போடும் பணம் அப்படித்தான். தொட்டியும் சன்னலும் விலையில் ஓரளவுதான் தெரியும்.

இப்போது செய்ய நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை.

பிரான்சில் வீடு வாங்க வெளிநாட்டாருக்குத் தடையில்லை. ஆனால் வீடு வாங்கியதால் அங்கே குடியிருக்கும் உரிமை வந்துவிடாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. வீட்டில் நீங்களே குடியிருந்து வரவேற்க வேண்டிய தொழிலை அந்த விசாவில் செய்ய முடியாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்ம ஆட்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஓய்வூதியமோ வேறு வருமானமோ இல்லாமல் இறங்காதீர்கள். வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிப்ரவரியில் ஒரு வாரம் அங்கே தங்கிப் பாருங்கள். மருத்துவர் எத்தனை கிலோமீட்டர், ரொட்டி எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். கடைக்குள் நுழையும்போது 'போன்ழூர்' சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கிராமத்தில் இருக்கும் மதிப்பு வங்கிக் கணக்குக்கும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மழையில் இரவு பத்து மணிக்கு வழி தப்பி வந்து நிற்கிறவனுக்குச் சலிக்காமல் சூப்பு சூடு பண்ணுகிற மனசு இரண்டு பேருக்கும் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மனசு அவளுக்கு என்னைவிட அதிகம். தொடங்கியது நான், நடத்தியது அவள்.

காசு வாங்கினால் விருந்தோம்பல் கெட்டுப்போகும் என்று அவள் பயந்தாள். எனக்கு வேறு பயம். நாற்பது வருடம் ஒரு நாட்டில் இருந்தும் யாரையும் 'வாங்க' என்று சொல்லாமலே திரும்பிவிடுவோமோ என்று. விருந்தாளியாக எத்தனை வருடம் இருந்தாலும் ஓர் ஊர் நமக்குச் சொந்தமாவதில்லை. அங்கே நாலு பேருக்கு நாம் இலை போட்டால் கொஞ்சம் ஆகிறது. அந்த நாலு பேர் காசு கொடுத்தார்களா இல்லையா என்பதை ஊர் பார்ப்பதில்லை. கதவு திறந்ததா என்று பார்க்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் இருக்கிறார். வருடப் பிறப்பன்று தொலைபேசியில் கூப்பிடுவார். பனி எவ்வளவு, யார் போனார்கள், புதிய தம்பதிக்குக் கேக் வருகிறதா வரவில்லையா என்று எல்லாம் சொல்வார். என் மனைவியின் பிரெஞ்சும் அவர் காதும் இப்போது ஒரே நிலைமையில் இருக்கின்றன, ஆனாலும் அரை மணி நேரம் பேசுவார்கள். இந்த வருடம் வைக்கும்போது, "எப்போது வருகிறீர்கள்? மாடி ஏற வேண்டாம், கீழ் அறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன்" என்றாராம்.

"எவ்வளவுன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். போனை வச்சுட்டாங்க" என்றாள்.